கூடே குறிப்பேடு: தூக்கணாங்குருவியின் துணைத்தேர்வை ஒரு பருவம் முழுக்கக் கவனித்துப் பதிவது எப்படி

விலங்குகள் துணை தேடுவதை ஆராய்பவர்களுக்கு ஒரு பெரிய தலைவலி உண்டு. பெண் ஏற்றதா, மறுத்ததா என்பது சில நொடிகளில் முடிந்துபோகும். அந்த நொடியைத் தவறவிட்டால் பிறகு தேடத் தடயம் இருக்காது. தூக்கணாங்குருவியிடம் இந்தத் தொல்லை இல்லை. ஆண் பாதிக்கூட்டைக் கட்டி நிறுத்திவிட்டுப் பெண்ணை அழைக்கும். பெண் வந்து, உள்ளே புகுந்து பார்த்து ஏற்றுக்கொண்டால்தான் ஆண் முட்டையறையை மூடி, நீளமான குழாய் வாசலைக் கீழே இறக்கும். எந்தப் பெண்ணும் ஏற்காத கூடு பாதியிலேயே பழுப்பேறித் தொங்கும். தேர்வின் முடிவை மரத்திலேயே படித்துவிடலாம். பறவையைப் பிடிக்கவோ காலில் வளையம் மாட்டவோ தேவையில்லை. இருநோக்கி, குறிப்பேடு, பருவம் முழுக்கப் பொறுமை, இவை போதும்.

பம்பாய்க்குத் தெற்கே கிஹிம் என்ற கடலோர ஊரில் 1930-இல் பறவையியலாளர் சலீம் அலி செய்ததும் இதைத்தான். நாள்தோறும் ஒரே குடியிருப்பைப் பார்த்து, ஒவ்வோர் ஆணும் ஒரு பெண்ணை ஒரு கூட்டில் குடியமர்த்திவிட்டு அடுத்த கூட்டைத் தொடங்கி அடுத்த பெண்ணை அழைக்கிறது என்று கண்டார். 1931-இல் அதை வெளியிட்டார். வெறும் பாதிக்கூடுகள் ஆண் ஊஞ்சலாடக் கட்டியவை என்ற பழைய பேச்சு அத்தோடு வலுவிழந்தது.

எப்போது, எந்த மரம்

நாட்காட்டியை நம்ப வேண்டாம். மழையையும் புல்லையும் பாருங்கள். கூடு நெய்ய நீளமான பச்சை நார் வேண்டும். நெல், சோளம், நாணல், கோரை, பனையோலை ஆகியவற்றின் விளிம்பில் அலகால் ஒரு வெட்டுக் கொடுத்து, கவ்விக்கொண்டு பறந்து, 20 முதல் 60 செ.மீ. வரை நீளமாகக் கிழித்து எடுக்கும். புல் அந்த அளவுக்கு வளராமல் வேலை தொடங்காது. ஆண்களின் தலை மஞ்சளாகி முகம் கருமையேறுவது இன்னோர் அடையாளம். மற்றக் காலத்தில் ஆணும் பெண்ணும் பெண் சிட்டுக்குருவி போலவே இருக்கும், பிரித்தறிய முடியாது. முதல் நார் முடிச்சு விழுவதற்கு ஒரு வாரம் முன்பே அங்கே இருந்தாக வேண்டும். பாதியில் வந்து சேர்ந்தவருக்கு எந்தக் கூடு எந்த நாளில் தொடங்கியது என்பது கடைசிவரை தெரியாது.

முதல் பருவத்துக்கு 15 முதல் 40 கூடுகள் வரை உள்ள குடியிருப்பு ஏற்றது. நூறு கூடு தொங்கும் பனைமரம் படத்துக்கு அழகு, தனியாளுக்குத் தாங்காது. கிணற்றின் மேல் சாய்ந்த கருவேலமோ, 4 முதல் 8 மீட்டர் உயரத்தில் கூடு தொங்கும் ஈச்சமரமோ கிடைத்தால் விடாதீர்கள். நெஞ்சில் கறுப்புக் கோடுகளோடு சம்புப் புதரில் கட்டும் குருவி வேறு இனம்; அதன் கணக்கை இதில் கலக்கக் கூடாது.

மரத்திலிருந்து 15–25 மீட்டர் தள்ளி, சூரியன் முதுகுப்பக்கம் இருக்கும்படி இடம் பாருங்கள். கூடுகள் பெரும்பாலும் மரத்தின் கிழக்குப் பக்கம்தான் தொங்கும். தென்மேற்குக் காற்றிலிருந்து மறைவு தேடித்தான் இப்படி என்கிறார்கள். அதனால் காலையில் கிழக்கே நின்று மேற்கே பார்ப்பது வசதி. 8×42 இருநோக்கி போதும், பனை உச்சி என்றால் முக்காலியில் தொலைநோக்கி வேண்டும். நீங்கள் வந்து உட்கார்ந்து 10 நிமிடத்துக்குள் நெசவு மறுபடி தொடங்க வேண்டும். தொடங்கவில்லையென்றால் மிக அருகில் இருக்கிறீர்கள். தென்னைக்கோ பனைக்கோ நேர்கீழே உட்காராதீர்கள், காரணம் சொல்ல வேண்டியதில்லை. பழைய கிணற்றின் கைப்பிடிச் சுவரையும் நம்ப வேண்டாம்.

கூடுகளுக்குப் பெயர் வைப்பது

பாதி ஆய்வுகள் கெடுவது இங்கேதான். முதல் நாள் ஐந்து கூடு இருக்கும்போது எல்லாம் தெளிவாகத் தெரியும். இருபதாம் நாள் முப்பது கூடு தொங்கும்போது, "இடப்பக்கம் மூன்றாவது" என்று எழுதிய குறிப்பால் பயனில்லை. நடுவில் இரண்டு புதிதாக முளைத்திருக்கும், ஒன்று விழுந்திருக்கும்.

தரையில் ஒரு செங்கல்லைப் பதித்து அதன் மேலேயே நாள்தோறும் கேமராவின் முக்காலியை வையுங்கள். அதே உயரம், அதே லென்ஸ் அளவு. காலை 6 மணிக்கு ஒரு படம், நாள் தவறாமல். முதல் நாள் படத்தை ஏ4 தாளில் அச்சிட்டு, கிளைகளுக்கு அ, ஆ, இ என்றும், ஒவ்வொரு கிளையிலும் கூடு தோன்றிய வரிசைப்படி அ1, அ2 என்றும் எழுதுங்கள். ஒரு கூடு விழுந்துவிட்டால் அந்த எண்ணை வேறு கூட்டுக்குக் கொடுக்கவே கூடாது. அதே இடத்தில் அதே ஆண் மறுபடி கட்டினாலும் அது புதுக் கூடு, புது எண்.

பனையிலும் ஈச்சையிலும் இன்னொரு சிக்கல். குருத்து விரிய விரிய மட்டைகள் கீழே சாயும், கூட்டின் இடமும் மாறும். அங்கே உயரத்தை வைத்து அடையாளம் சொல்லாமல் மட்டைக்கு எண் கொடுங்கள்: முதல் நாள் இருந்த இளமட்டை 0, அதற்குக் கீழே உள்ளவை 1, 2, 3, பிறகு விரியும் புதியவை +1, +2.

ஆண்களைத் தனித்தனியாக அடையாளம் காண முடியாதே என்று கவலை வரும். ஒரு ஆணின் கூடுகள் பெரும்பாலும் அருகருகே இருக்கும். அந்தப் பகுதிக்குள் மற்ற ஆண் வந்தால் விரட்டும். எந்தக் கூட்டில் நெய்கிறது, எங்கிருந்து விரட்டுகிறது என்று மூன்று நாள் தொடர்ந்து பார்த்தால் எந்தக் கூடு யாருடையது என்ற வரைபடம் தெளிந்துவிடும். சந்தேகமுள்ள கூட்டைச் "சொந்தக்காரர் தெரியவில்லை" என்றே விடுங்கள். ஊகித்து ஒட்டிவிட்டால், ஓர் ஆணுக்கு எத்தனை துணை என்ற கடைசிக் கணக்கே பொய்யாகும்.

கூட்டின் ஆறு நிலைகள்

நாள்தோறும் ஒவ்வொரு கூட்டுக்கும் ஓர் எண் மட்டும் எழுதினால் போதும்.

1 – முடிச்சு: கிளையில் சுற்றிய நார்க்கட்டு.
2 – வளையம்: பறவை உட்கார்ந்து நெய்யக்கூடிய முழு வட்டம்.
3 – தொப்பி: கவிழ்த்த தலைக்கவசம் போன்ற பாதிக்கூடு, குறுக்கே ஒரு பட்டை.
4 – பட்டையின் ஒரு பக்கம் அடி மூடி, முட்டையறை உருவானது.
5 – மறுபக்கத்தில் குழாய் தொடக்கம்.
6 – குழாய் முழுமை.

முழுக் கூட்டுக்கு ஏறக்குறைய 18 நாள் ஆகும். அதில் தொப்பி நிலையை எட்டவே சுமார் 8 நாள் போய்விடும். நார் சேகரிக்க ஐந்நூறு தடவை வரை பறந்தாக வேண்டும். இத்தனை உழைப்பைப் பாதியில் நிறுத்திவைப்பது வீணாகத் தெரியலாம். ஆனால் பெண் பார்க்க வருவது மூன்றாம் நிலையில்தான். ஒரு கூடு 3-ஆம் நிலையைத் தொட்ட நாளையும் அதைத் தாண்டிய நாளையும் ஒருபோதும் தவறவிடக் கூடாது. இரண்டுக்கும் இடைப்பட்ட நாட்கள்தான் "காத்திருந்த காலம்". உங்கள் ஆய்வின் முதன்மை அளவு இதுவே.

"ஏற்கப்பட்டது" என்று எழுத ஒரு விதி வைத்துக்கொள்ளுங்கள். கூடு 4-ஐத் தாண்டியிருக்க வேண்டும். கூடவே, பெண் உள்ளே மெத்தைக்குப் பொருள் கொண்டுபோவதையோ திரும்பத் திரும்ப உள்ளே புகுந்து தங்குவதையோ குறைந்தது இரண்டு தனித்தனி நாட்களில் பார்த்திருக்க வேண்டும். குழாயை மட்டும் கண்டு முடிவு கட்டாதீர்கள்.

தொப்பி நிலையில் உட்சுவரில் ஈரமண் உருண்டைகளை அப்பியிருப்பதையும் காண்பீர்கள். மின்மினியை ஒட்டி விளக்கேற்றத்தான் இந்த மண் என்று பாட்டிமார் சொல்லும் கதை அழகானது. ஆனால் மின்மினி ஒட்டிய கூட்டைக் காட்டியவர் இல்லை. மண் எந்த நாளில் வந்தது என்று மட்டும் குறியுங்கள்.

நடத்தைப் பட்டியல்

களத்துக்குப் போகும் முன் ஒவ்வொரு செயலுக்கும் ஒரு வரி வரையறை எழுதுங்கள். அந்த வரியை வாசித்த வேறொருவர் அதே காட்சியைப் பார்த்து அதே பெயரை எழுத வேண்டும். ஐந்து போதும்: நெய்தல், அழைப்பாட்டம், துரத்தல், நார்த்திருட்டு, பெண்வரவு.

தகராறு வருவது முதல் இரண்டில்தான். கூட்டில் தலைகீழாகத் தொங்கி நெய்யும் ஆணும் நிலைதடுமாறாமல் இருக்கச் சிறகடிக்கும், பெண்ணை அழைக்கும் ஆணும் சிறகடிக்கும். புதியவர்கள் இரண்டையும் ஆட்டம் என்றே எழுதிவிடுவார்கள். பிரிக்க மூன்று அடையாளம்: அலகில் நார் இருக்கக் கூடாது, சிறகடிப்பு இடைவிடாமல் இரண்டு நொடிக்கு மேல் நீள வேண்டும், கூடவே குரல் எழ வேண்டும். மூன்றும் இருந்தால்தான் அழைப்பாட்டம். நார்த்திருட்டையும் கவனமாக எழுதுங்கள்: பக்கத்துக் கூட்டிலிருந்து நாரை உருவி, தன் கூட்டில் கொண்டுபோய்ச் சேர்த்தால்தான் திருட்டு. உருவிக் கீழே போட்டால் அது சேதம், வேறு செயல்.

இரண்டு பேர் வேலை செய்வதாக இருந்தால், முதல் வாரத்தில் ஒரே ஆணை ஒரே 10 நிமிடம் பார்த்துத் தனித்தனியே எழுதி ஒப்பிடுங்கள். தற்செயலாக ஒத்துப்போவதைக் கழித்துக் கணக்கிடும் கோஹன் காப்பா அளவு 0.8-க்குக் கீழே இருந்தால் ஆட்களைக் குறை சொல்லாமல் வரையறையைத் திருத்துங்கள்.

யாரை, எப்போது பார்ப்பது

கண் எப்போதும் ஆடுகிற ஆணின் பக்கமே போகும். சும்மா உட்கார்ந்திருக்கும் ஆண் குறிப்பேட்டில் ஏறவே ஏறாது. இந்தச் சாய்வைத் தடுக்கும் முறைகளை விலங்கு நடத்தை ஆய்வாளர் ஜீன் ஆல்ட்மன் 1974-இல் ஒழுங்குபடுத்தித் தந்தார். இன்றும் களத்தில் நடப்பது அவர் வகுத்த வழியே.

காலை 6 முதல் 10 வரை, 15 நிமிடச் சுற்றுகளாகப் பிரியுங்கள். சுற்றின் தொடக்கத்தில் இடமிருந்து வலமாக எல்லாக் கூட்டையும் ஒருமுறை வரிசையாகப் பார்த்து, அந்தக் கணத்தில் ஒவ்வொன்றிலும் என்ன நடக்கிறது என்று எழுதுங்கள். இதற்கு இரண்டு மூன்று நிமிடம் போகும். அடுத்த 10 நிமிடம் ஒரே ஓர் ஆணை மட்டும் தொடருங்கள். மீதி நேரம் மூச்சுவிடவும் குறிப்பைச் சரிபார்க்கவும். ஒரு காலையில் 16 சுற்று வரும். எந்த ஆண் என்பதைச் சீட்டுக் குலுக்கித் தீர்மானியுங்கள். எடுத்த சீட்டை அன்று மறுபடி டப்பாவில் போடாதீர்கள்.

தொடரும் ஆண் நார் எடுக்கப் பறந்துபோனால் கடிகாரத்தை நிறுத்தாமல் "கண்ணில் இல்லை" என்று எழுதுங்கள். 10 நிமிடத்தில் 4 நிமிடம் காணாமல்போய், 12 அழைப்பாட்டம் ஆடியிருந்தால், வீதம் 12-ஐ 6-ஆல் வகுத்து நிமிடத்துக்கு 2. பத்தால் வகுத்தால் 1.2 என்று வரும். கடுமையாக உழைத்து அடிக்கடி நார் கொண்டுவரும் ஆண் சோம்பேறியாகத் தெரியும்.

பெண்வரவுக்கு மட்டும் இந்தச் சுற்று முறை ஒத்துவராது. பெண்கள் கூட்டமாக வருவார்கள், சட்டென்று ஆண்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் கூட்டைப் பிடித்துத் தொங்கி ஆடத் தொடங்குவார்கள், ஓரிரு நிமிடத்தில் அடங்கிவிடும். அப்போது எந்தச் சுற்றில் இருந்தாலும் அதை விட்டுவிட்டுப் பெண்களைப் பாருங்கள். ஒரு பெண்ணை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள்: எந்தக் கூட்டில் இறங்கியது, வெளியே மட்டும் பார்த்ததா, உள்ளே நுழைந்ததா, எத்தனை நொடி, நாரைக் கொத்தி இழுத்ததா, அடுத்து எந்தக் கூடு. கையால் எழுத நேரம் இருக்காது. ஒலிப்பதிவுக் கருவியில் மெல்லச் சொல்லிக்கொண்டே போங்கள். "அ3 உள்ளே... எட்டு... வெளியே, ஆ1 வெளியே மட்டும்..." அன்று மாலைக்குள் தாளில் ஏற்றிவிட வேண்டும். ஒருநாள் தள்ளினால் உங்கள் குரலே உங்களுக்குப் புரியாது.

குரல்

ஆணின் அழைப்பு 'சிட் சிட்' என்று தொடங்கி, சீழ்க்கை போல இழுபட்டு முடியும். அது தனியாக ஒலிப்பது அரிது. பத்து ஆண்கள் ஒன்றாகக் கத்துவார்கள், பதிவில் எல்லாம் ஒரே இரைச்சலாகும். இதற்கு ஒரு வழிதான்: விடியுமுன்பே ஒலிவாங்கியை ஒரு கழியில் கட்டி, குறித்த ஆணின் கூட்டிலிருந்து 4–5 மீட்டரில் நிறுத்தி, நீளமான கம்பியோடு நீங்கள் தள்ளி உட்காருங்கள். காற்றுத் தடுப்பு உறை கட்டாயம். வினாடிக்கு 48,000 மாதிரி, 24 பிட், சுருக்காத வேவ் கோப்பு. ஒலியின் உச்சம் –12 டெசிபெலைத் தொட்டால் போதும். அதிகமாக ஏற்றினால் அலையின் தலை வெட்டுப்படும், அதைப் பிறகு எவராலும் சரிசெய்ய முடியாது. கைபேசிதான் இருக்கிறது என்றால் இரைச்சல் நீக்கும் வசதியை முதலில் அணையுங்கள். அது குருவியின் குரலையும் இரைச்சல் என்று நினைத்து அரித்துவிடும்.

ஒவ்வொரு பதிவின் முடிவிலும் தேதி, நேரம், கூட்டின் எண், பெண் அருகில் இருந்ததா என்று உங்கள் குரலிலேயே சொல்லி நிறுத்துங்கள். கணினியில் ராவன் லைட், ஆடாசிட்டி என எந்த ஒலி மென்பொருளானாலும் ஒலி நிறமாலைப் படத்தின் அமைப்பை எல்லாக் கோப்புக்கும் ஒன்றாகவே வையுங்கள். ஒலியை நறுக்கிப் பார்க்கும் துண்டின் அளவே சாளரம்; 512 புள்ளிச் சாளரம் நல்ல தொடக்கம். சாளரம் மாறினால் குரலின் நீளமும் மாறியதுபோல் தெரியும்.

பதிவு செய்த குரலைக் குடியிருப்பில் ஒலிக்கவிட்டுச் சோதிக்கும் ஆசை எல்லாருக்கும் வரும். முதல் பருவத்தில் வேண்டாம். ஒரே ஆணின் ஒரே பதிவை நாற்பது தடவை ஒலித்தால் அது நாற்பது சோதனை ஆகாது. ஒரு குரலை நாற்பது முறை கேட்டதாகத்தான் கொள்ள வேண்டும். அதோடு, பெண் உள்ளே பார்க்கும் நேரத்தில் ஆண்களின் கவனத்தைக் கலைத்தால் நீங்கள் அளக்க வந்த தேர்வையே கெடுத்துவிடுவீர்கள்.

அளவுகள்

கூட்டின் நெசவைவிட அது தொங்கும் இடமே பெண்ணின் தேர்வில் முக்கியம் என்று இந்தியாவில் நடந்த ஆய்வு காட்டியிருக்கிறது. ஆகவே இடத்தைச் செம்மையாக அளந்துகொள்ளுங்கள்: உயரம், கிளையின் தடிமன், முள் உண்டா, கீழே தண்ணீரா தரையா, அருகிலுள்ள கூட்டுக்கு எவ்வளவு தூரம். உயரத்துக்குக் கோணமானியோ கைபேசிச் செயலியோ போதும். கூட்டுக்கு நேர்கீழிருந்து 12 மீட்டர் தள்ளி நின்று பார்க்கும்போது கோணம் 30 பாகை என்றால், 12 × 0.577 (30 பாகையின் டேன் மதிப்பு) = 6.9 மீட்டர், உங்கள் கண் மட்டம் 1.5 மீட்டரைக் கூட்டினால் 8.4. கிணற்றின் மேல் என்றால் தரையிலிருந்தும் தண்ணீரிலிருந்தும் இரண்டு உயரம் எழுதுங்கள். பாம்பு ஏறும் வழி தரையிலிருந்துதான்.

குடியிருக்கும் கூட்டைத் தொடவோ, கிளையை வளைத்து உள்ளே பார்க்கவோ கூடாது. 1972 வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தில் பறவையின் முட்டையையும் கூட்டையும் தொந்தரவு செய்வது வேட்டை என்ற சொல்லுக்குள்ளேயே அடங்கும். உள்ளே நடப்பதை வெளியிலிருந்தே கணக்கிடலாம். முட்டை 2 முதல் 4. அடைகாப்பு 14–17 நாள். குஞ்சு வெளியேற இன்னும் 17 நாள் அளவில். பெண் பூச்சியோடு உள்ளே போகத் தொடங்கிய நாள் தெரிந்தால் போதும், முன்னும் பின்னும் எண்ணிக்கொள்ளலாம்.

கணக்குப் போடும்போது சறுக்கும் இடங்கள்

முதலாவது, காற்றில் விழுந்த கூட்டை "மறுக்கப்பட்டது" என்று எழுதுவது. தொப்பி நிலையில் மூன்றாம் நாளே புயலில் போனது மறுப்பு ஆகாது. பெண் பார்க்க வாய்ப்பே கிடைக்கவில்லை. விழுந்தது, பக்கத்து ஆண் பிய்த்தது, கட்டிய ஆணே பிரித்தது, காக்கை கிழித்தது, பருவம் முடிந்ததும் நின்றுபோனது, ஒவ்வொன்றுக்கும் தனிக் குறியீடு வேண்டும். பருவம் முடியும்வரை தொங்கி, பெண்கள் பார்த்தும் ஏற்காததே மறுப்பு.

இரண்டாவது, காலம். முதலில் கட்டிய கூடுகள் நல்ல இடங்களைப் பிடித்திருக்கும், பெண்களும் அப்போது அதிகம் வருவார்கள். உயரமான கூடுகள் அதிகம் ஏற்கப்பட்டன என்று உங்கள் அட்டவணை சொன்னால், அதற்குக் காரணம் உயரமா, முந்தி வந்ததா? ஒரே வாரத்தில் தொப்பி நிலையை எட்டிய கூடுகளை மட்டும் தங்களுக்குள் ஒப்பிட்டுப் பாருங்கள். பல முடிவுகள் அங்கேயே கரைந்துபோகும்.

மூன்றாவது, ஓர் ஆணின் நான்கு கூடுகளை நான்கு தனிச் சான்றாக எண்ணுவது. அவை ஒரே கை நெய்தவை. ஆண்வாரியாகக் கணக்கெடுங்கள், அல்லது ஒரே ஆணின் ஏற்கப்பட்ட கூட்டையும் ஏற்கப்படாத கூட்டையும் இணையாக வைத்துப் பாருங்கள். அப்படிப் பார்க்கையில் ஆணின் திறமை இருபக்கமும் சமமாகிக் கழிந்துவிடும், கூடும் இடமும் மட்டும் மிஞ்சும். எட்டு ஆண்களே இருந்தாலும் இந்த ஒப்பீடு நாற்பது கூடுகளின் குவியலைவிட நம்பத்தக்கது.

நார் தடிமனை அளக்க விரும்பினால் பருவம் முழுதும் முடிந்து, வன அலுவலரிடம் அனுமதி பெற்றபின், தானாக விழுந்த கூடுகளை எடுங்கள். ஒரு கூட்டுக்கு 30 நார், வெர்னியர் அளவியில். காய்ந்த நார் சுருங்கும்; ஒரே வாரத்தில் எடுத்தவற்றையே ஒப்பிடுங்கள். இன்னும் தொங்கும் பழைய கூட்டைக் காலி என்று நினைத்துவிடாதீர்கள். குழாய் வாசலை அரைமணி நேரம் பார்த்துவிட்டு எழுதுங்கள். தூக்கணாங்குருவி போன பிறகு சில்லைகள் அதற்குள் முட்டையிட்டிருக்கும்.